சர்வர் ‘இன்னும் 6 நாள் இருக்கு’ என்கிறது, ஃபோன் ‘காலாவதி’ என்கிறது: ஹோம் அசிஸ்டன்ட் சர்டிஃபிகேட் குழப்பம்

சம்ப்_மோட்டார் (தண்டையார்பேட்டை)

வணக்கம். வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், மண்டை காய்கிறது.

ராஸ்பெர்ரி பை 4 (சின்ன கம்ப்யூட்டர்), அதில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ், டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டியாக, அதாவது கன்டெய்னராக, ஓட்டுவது) ஹோம் அசிஸ்டன்ட். வீட்டு டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி சொல்வது) பார்க்கும் அட்கார்டு ஹோமும் அதே பையில், அதுவும் டாக்கரில். டக்டிஎன்எஸ்ஸில் வீட்டுக்கு ஒரு இணையப் பெயர், அதற்கு லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் சர்டிஃபிகேட் (இணைப்பு பாதுகாப்பானது என்று காட்டும் சான்று), அதை வாங்கிப் புதுப்பிக்கும் செர்ட்பாட் வழியாக. கான்ஃபிகரேஷன் யாமலில் ஹெச்டிடிபி பகுதியில் ஃபுல்செயினுக்கும் பிரைவேட் கீக்கும் பாதை கொடுத்திருக்கிறேன். வெளியில் இருந்தால் டெயில்ஸ்கேல் (விபிஎன்). வேலை பெரிதாக ஒன்றும் இல்லை: மெட்ரோ தண்ணீர் வரும் நேரத்துக்கு மோட்டார், சம்பிலும் மாடித் தொட்டியிலும் மட்டம் பார்க்கும் சென்சார், இன்வெர்ட்டர் பேட்டரி, வாசல் விளக்கு.

வீடு பழசு, வயரிங் முழுக்க மாற்ற வேண்டியிருந்தது. ஏப்ரல் 3ஆம் தேதி மதியம் மெயினை இறக்கிவிட்டு, இன்வெர்ட்டரையும் கழற்றி வைத்துவிட்டு, எல்லாரும் பொன்னேரியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம். 17ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணி வாக்கில் வந்து மெயினைப் போட்டோம். பை தானாக எழுந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து எதுவும் ஒழுங்காக இல்லை.

ஃபோன் ஆப் உள்ளே விடவில்லை, சர்டிஃபிகேட் காலாவதி என்கிறது. கம்ப்யூட்டரில் எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போனால், டாஷ்போர்டில் நான் எழுதி வைத்த டெம்ப்ளேட் சென்சார் ‘6 நாள் மீதம்’ என்று காட்டுகிறது. எஸ்எஸ்ஹெச்சில் போய் செர்ட்பாட்டைக் கேட்டாலும் ‘வேலிட், 6 நாள்’ என்றுதான் சொல்கிறது. இதில் யாரை நம்புவது?

லாகும் போச்சு. 17, 18, 19 மூன்று தேதிக்கும் தேடிப் பார்த்தேன், ஒரு வரி இல்லை. ஃபைல் 5ஆம் தேதி மதியத்தோடு நிற்கிறது. லாகர் பகுதியில் டீஃபால்ட்டை டீபக் ஆக்கினேன். ஃபைல் பெருக்கிறதே தவிர நான் தேடும் தேதி வரவில்லை. ஹிஸ்டரி பக்கமும் வெறும் காலி. டெலிகிராம் செய்தி போகவில்லை, ‘சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு, நாட் யெட் வேலிட்’ என்று பிழை. வானிலை மட்டும் சமர்த்தாக வருகிறது.

இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியாது: விடியற்காலை 4.30க்கு ஓட வேண்டிய மோட்டார் நேற்றும் இன்றும் காலை பத்தே முக்கால் வாக்கில் ஓடியது. அது தண்ணீர் வராத நேரம். வயரிங் ஆள் எதையோ மாத்திக் கொடுத்துட்டான் என்று அம்மா அடித்துச் சொல்கிறார்.


ஒற்றியூர்_பையன்

லெட்ஸ் என்க்ரிப்ட்டே வேணாம் ப்ரோ, 90 நாளைக்கு ஒரு தடவை இந்தத் தலைவலி. நீங்களே ஒரு சர்டிஃபிகேட் சைன் பண்ணி 10 வருஷத்துக்குப் போட்டு விடுங்க. நான் அப்படித்தான் வெச்சிருக்கேன். இல்லேன்னா செர்ட்பாட்டை ஃபோர்ஸ் ரின்யூ போட்டு ஓட்டிப் பாருங்க.


பழைய_சிக்னல் (பெரம்பூர்)

தம்பி, சர்டிஃபிகேட்டைத் தொடாதே. ஃபோர்ஸ் ரின்யூவும் வேண்டாம். ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 முறை சரிபார்ப்பு தோற்றால் லெட்ஸ் என்க்ரிப்ட் கதவைச் சாத்திவிடும், அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். 10 வருஷ யோசனையும் வேண்டாம். வீட்டில் ஒரு ஐஃபோன் இருந்தாலும் 825 நாளுக்கு மேல் ஆயுள் கொடுத்த சர்டிஃபிகேட்டை அது ஏற்காது, நீ சொந்தமாக சிஏ (சர்டிஃபிகேட் வழங்கும் அமைப்பு) வைத்து சைன் செய்திருந்தாலும் சரி.

எனக்கு ஒன்றே ஒன்று சொல். 3ஆம் தேதி மதியம் மெயினை இறக்கினாய். 17 சாயங்காலம் வரை வீட்டில் கரண்டே இல்லை. அப்படியென்றால் 4ஆம் தேதியும் 5ஆம் தேதியும் லாக் எழுதியது யார்?

நான் ரயில்வேயில் சிக்னல் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழுது என்று கூப்பிட்டால் முதலில் ரிஜிஸ்டரில் எழுதியிருக்கும் நேரத்தைத்தான் பார்ப்போம், ரிலேயைத் திறப்பதெல்லாம் அப்புறம். உன் லாக் நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் தேதி பொய். பை 4இல் பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாது. கரண்ட் போகும்போது கடைசியாக எந்த நேரத்தைக் குறித்து வைத்ததோ, எழுந்ததும் அங்கிருந்தே எண்ணத் தொடங்கும். நெட்டில் இருந்து சரியான நேரம் கிடைத்தால் தாவிக்கொள்ளும். உனக்கு அது கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மோட்டார் கணக்கைப் பார். மெயினை இறக்கியது மதியம் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால், போட்டது ஆறு மணிக்கு என்று வைத்துக்கொள். கிட்டத்தட்ட ஆறே கால் மணி நேரம் பின்தங்கும். பையின் 4.30 உனக்கு பத்தே முக்கால். வயரிங் ஆள் பாவம், விட்டுவிடு.

டெலிகிராம் வராததும் வானிலை வருவதும் இதனால்தான். எந்தத் தளம் இந்த ரெண்டு வாரத்துக்குள் புது சர்டிஃபிகேட் வாங்கியதோ, அது உன் பைக்கு ‘இன்னும் பிறக்காத’ சர்டிஃபிகேட். பழையதை வைத்திருக்கிற தளத்தோடு தகராறு இல்லை. ஹிஸ்டரி காலியாக இருப்பதும் அப்படியே: பிரவுசர் இன்றைய தேதிக்குக் கேட்கிறது, பை எழுதியதோ 5ஆம் தேதியில்.

‘டைம்டேட்சிடிஎல்’ என்று அடி. அப்புறம் அதையே பின்னால் ‘டைம்சிங்க்-ஸ்டேட்டஸ்’ சேர்த்து இன்னொரு தடவை. வருவதை இங்கே போடு. டீபக் லாகை அப்படியே கொட்டிவிடாதே, அதில் டோக்கன் எல்லாம் கிடக்கும்.


சம்ப்_மோட்டார்

சார், அந்த 5ஆம் தேதிக் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

லோக்கல் டைம்: 5ஆம் தேதி மாலை 3.40. என் கைக்கடிகாரத்தில் 19ஆம் தேதி இரவு 9.50.
ஆர்டிசி (பேட்டரி கடிகாரம்) டைம்: என்/ஏ.
சிஸ்டம் கிளாக் சிங்க்ரனைஸ்டு: நோ.
என்டிபி சர்வீஸ்: ஆக்டிவ்.

இரண்டாவது கட்டளையில் சர்வர் என்று டெபியன் பூல் பெயரும் அதன் ஐபியும் வருகிறது. பாக்கெட் கவுன்ட் 0.


பழைய_சிக்னல்

பெயருக்கு ஐபி கிடைக்கிறது, ஆகவே டிஎன்எஸ் பிழைத்தது. கேட்டுக்கொண்டே இருக்கிறது, பதில் ஒன்றுகூட வரவில்லை. என்டிபி, அதாவது நெட்டில் நேரம் கேட்கும் முறை, போவது யுடிபி 123ஆம் போர்ட் வழியாக. நடுவில் யாரோ அதை மறிக்கிறார்கள். வீட்டில் ரூட்டர் மாறியதா? இன்னொன்று, வெளியில் இருந்து டெயில்ஸ்கேலில் வந்தால் முன்னைப் போல் வேகம் இருக்கிறதா?


சம்ப்_மோட்டார்

மாறியது சார். மாசி மகத்துக்கு முன்னால் இணைய இணைப்புக்காரர்கள் வந்து பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு புதுசு வைத்துவிட்டுப் போனார்கள். டெயில்ஸ்கேல் அதிலிருந்தே மந்தம்தான், ஏரியாவில் நெட் அப்படி என்று நினைத்திருந்தேன். அதற்கு அப்புறம் பை அணையவே இல்லை, கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் ஓடும். இந்த வயரிங் வேலைக்குத்தான் முதல் தடவையாக அணைந்தது.

இப்போது பெட்டிக்குள் போய்ப் பார்த்தேன். ஃபயர்வால் ‘ஹை’ என்று இருக்கிறது. வான் ஐபி (ரூட்டரின் வெளிப்பக்க ஐபி) 100.72 என்று தொடங்குகிறது.


பழைய_சிக்னல்

அந்த ஒரே பெட்டி உனக்கு இரண்டு வேலை காட்டியிருக்கிறது.

முதலாவது ஃபயர்வால். இந்த ‘ஹை’ என்பது வெப், மெயில், டிஎன்எஸ் மாதிரி சிலதை மட்டும் வெளியே விட்டு மற்ற யுடிபியைத் தடுக்கும். டெயில்ஸ்கேல் நேர்வழி கிடைக்காமல் ரிலே சர்வரைச் சுற்றிக்கொண்டு வருகிறது, மந்தத்துக்கு அதுதான் காரணம். என்டிபிக்கு அப்படிச் சுற்றுவழி கிடையாது. பை அணையாத வரை அதன் கடிகாரம் சில நொடிதான் வழுக்கும், யார் கண்ணிலும் படாது. முழுசாக அணைந்து எழுந்ததும் வெளியே வந்துவிட்டது.

இரண்டாவது அந்த 100.72. 100.64இல் தொடங்கி 100.127 வரை உள்ள ஐபி எல்லாம் சிஜிநாட்டுக்கு என்று ஒதுக்கியவை. ஒரு பொது ஐபியை நிறைய வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன, உனக்கென்று ஒன்று இல்லை. நீ செர்ட்பாட்டை ஹெச்டிடிபி-01 முறையில்தான் வைத்திருப்பாய். அதற்கு லெட்ஸ் என்க்ரிப்ட் வெளியில் இருந்து 80ஆம் போர்ட்டில் உன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். சிஜிநாட்டில் அது உன் வீடு வரை வராது. ஆகவே சர்டிஃபிகேட் புதுப்பிக்காமல் போனதற்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தம் இல்லை. கடிகாரம் செய்தது, அதை உனக்குத் தெரியாமல் மூடி மறைத்தது மட்டும்தான். லெட்ஸ் என்க்ரிப்ட் முன்னெல்லாம் ‘காலாவதி ஆகப்போகிறது’ என்று மெயில் அனுப்பும். 2025 ஜூன் 4ஓடு அதை நிறுத்திவிட்டார்கள். வார் லாக் கீழே லெட்ஸ்என்க்ரிப்ட் ஃபோல்டரில் பழைய லாகுகளைப் பார், மார்ச் பாதியில் இருந்து ‘டைம்அவுட் ட்யூரிங் கனெக்ட்’ வரிசையாக இருக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. அவசரப்பட்டுக் கடிகாரத்தைத் தள்ளிவிடாதே. முதலில் மோட்டாரைக் கையால் அணை. ஹோம் அசிஸ்டன்ட் கன்டெய்னரை நிறுத்து. அதன் டேட்டாபேஸ் ஃபைலை வேறு இடத்துக்கு நகல் எடு. ஹிஸ்டரியைப் பதியும் ரெக்கார்டர் தானாக 10 நாள் விவரம்தான் வைத்திருக்கும், மீதியை தினமும் விடியற்காலை 4.12க்குத் துடைக்கும். கடிகாரம் ரெண்டு வாரம் முன்னால் தாவினால், மெயின் இறக்குவதற்கு முன்பு பதிவானது எல்லாம் அடுத்த விடியலில் காலி. வேண்டாம் என்றால் விடு, இன்வெர்ட்டர் பேட்டரி கணக்கு ஏதாவது பார்க்க வேண்டும் என்றால் நகல் உதவும்.

அப்புறம் ரூட்டரில் ஃபயர்வாலை ‘மீடியம்’ ஆக்கு. ஒரு நிமிஷத்தில் பை தானாக நேரத்தைப் பிடிக்கும். பிடிக்காவிட்டால் கையால் வை. ஆனால் தானியங்கி என்டிபி ஓடும்போது கையால் வைக்க விடாது, ‘செட்-என்டிபி ஃபால்ஸ்’ கொடுத்துவிட்டுத்தான் ‘செட்-டைம்’ கொடுக்க வேண்டும். நேரம் சரியானதும் கன்டெய்னரைத் தொடங்கு.

லாகரை டீபக்கில் விட்டு வைக்காதே. டீஃபால்ட் ‘வார்னிங்’ போதும். எதையாவது தோண்ட வேண்டும் என்றால் அந்த ஒரு காம்போனென்ட்டுக்கு மட்டும் டீபக் போடு. டெவலப்பர் டூல்ஸில் ‘லாகர் செட் லெவல்’ என்று ஆக்‌ஷன் இருக்கிறது, ரீஸ்டார்ட் கூட வேண்டாம். எல்லாவற்றுக்கும் டீபக் போட்டால் எஸ்டி கார்டுதான் சீக்கிரம் போகும். ஒன்று ஞாபகம் வை, ஹோம் அசிஸ்டன்ட் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் லாகைப் புதிதாக எழுதும், முந்தையது பின்னால் புள்ளி 1 சேர்ந்து ஒரே ஒரு தலைமுறைக்குத்தான் இருக்கும். ரெண்டு தடவை ரீஸ்டார்ட் செய்தால் தடயம் போய்விடும். ரீஸ்டார்ட் செய்து பாரு என்று யாராவது சொன்னால் முதலில் லாகை நகல் எடுத்துக்கொள்.

மோட்டாரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சம்பில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடாமல் பார்ப்பது சர்வரின் வேலையே இல்லை. மிதவை சுவிட்ச் ஒன்றை சம்பில் இறக்கி, அதன் வயரை நேராக ஸ்டார்ட்டர் காயில் வழியாகக் கொடு. ஹோம் அசிஸ்டன்ட் என்ன சொன்னாலும் தண்ணீர் இல்லாமல் காயில் இழுக்கக் கூடாது. வயரிங் ஆள் இன்னும் போகவில்லை என்றால் இதையும் அவரிடமே சொல்லிவிடு. உங்கள் பக்கம் கடல் காற்று, ரிலேயின் டெர்மினல் ஸ்குரூ எல்லாம் பச்சை பிடித்திருக்கும், அதையும் பார்க்கச் சொல்.

கடைசியாக, ரிச்சி தெருவில் டிஎஸ்3231 ஆர்டிசி மாடியூல் வாங்கிப் போட்டுவிடு. பையின் பின்களில் நேராகச் சொருகும் சின்னது போதும். நீலக் கலரில் பெரிதாக வருவதை சிஆர்2032 பேட்டரியோடு 5 வோல்ட்டில் போடாதே, அதில் சார்ஜிங் சர்க்யூட் இருக்கிறது, சார்ஜ் செய்யக் கூடாத பேட்டரிக்குள் கரண்ட்டை ஏற்றும். கான்ஃபிக் டெக்ஸ்ட்டில் ஐ2சி-ஆர்டிசி ஓவர்லே ஒரு வரி. அதோடு ‘டைம் வெயிட் சிங்க்’ சர்வீஸை இயக்கி, நேரம் சரியான பின்புதான் டாக்கர் தொடங்க வேண்டும் என்று சிஸ்டம்டியில் (சர்வீஸ்களைத் தொடங்கும் பகுதி) எழுதிவிட்டால் இந்தக் கூத்து திரும்ப வராது.


கொருக்குப்பேட்டை_கர்னல்

சார் சொன்னதில் கடைசி வரி மட்டும் கவனம். இவர் அட்கார்டும் டாக்கருக்குள். பை தன் டிஎன்எஸ்ஸுக்கு அந்த அட்கார்டையே கேட்கிறது என்றால்: டாக்கர் நேரத்துக்காகக் காத்திருக்கும், நேரம் வர டெபியன் பூல் பெயருக்கு ஐபி வேண்டும், ஐபி சொல்ல வேண்டிய அட்கார்டு டாக்கருக்குள் தூங்கும். அடுத்த கரண்ட் கட்டில் வீடே நெட் இல்லாமல் நிற்கும். பைக்கு மட்டும் டிஎன்எஸ்ஸாக ரூட்டரைக் கொடுங்கள், அட்கார்டு மற்ற சாதனங்களுக்கு இருக்கட்டும். அல்லது டைம்சிங்க் கான்ஃபிக்கில் என்டிபி சர்வரைப் பெயராகக் கொடுக்காமல் ஐபியாகக் கொடுங்கள்.

சர்டிஃபிகேட்டுக்கு: சிஜிநாட்டில் இருந்துகொண்டு 80ஆம் போர்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், டிஎன்எஸ்-01க்கு மாறிவிடுங்கள். வெளியில் இருந்து யாரும் வீட்டுக்கு வரத் தேவையில்லை. டக்டிஎன்எஸ் டோக்கனை வைத்து டெக்ஸ்ட் ரெக்கார்டு ஒன்றை எழுதினால் சரிபார்ப்பு முடிந்தது. செர்ட்பாட்டுக்குப் பதிலாகப் போடும் ஆக்மி.எஸ்ஹெச்சில் டக்டிஎன்எஸ்ஸுக்கு ஆதரவு கூடவே வருகிறது. ஆனால் அது 2021 ஆகஸ்ட்டில் இருந்து முதல் தேர்வாக ஜீரோஎஸ்எஸ்எல் என்ற வேறு சிஏவிடம் போகும், லெட்ஸ் என்க்ரிப்ட்தான் வேண்டும் என்றால் சர்வர் என்று தனியாகச் சொல்ல வேண்டும். முதலில் ஸ்டேஜிங் (சோதனை) சர்வரில் ஓட்டிப் பார்த்துவிட்டு நிஜத்துக்குப் போங்கள்.

செர்ட்பாட்டிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால், டாக்கருக்குள் லைவ் ஃபோல்டரை மட்டும் மவுன்ட் செய்திருக்கிறீர்களா பாருங்கள். அதில் இருப்பது வெறும் சிம்லிங்க் (அசலைச் சுட்டும் இணைப்பு), அசல் ஃபைல் ஆர்க்கைவ் ஃபோல்டரில். இரண்டுக்கும் மேலே உள்ள ஃபோல்டரை மவுன்ட் செய்ய வேண்டும். எப்படி வாங்கினாலும் சரி, ஹோம் அசிஸ்டன்ட் தொடங்கும்போதுதான் சர்டிஃபிகேட்டைப் படிக்கும். புதுப்பித்த பின் அதை ரீஸ்டார்ட் செய்யும் ஹூக் (தானாக ஓடும் கட்டளை) ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க்கில் புதுசு, மெமரியில் பழசு.

அந்த டெம்ப்ளேட் சென்சாரைத் தூக்கிவிடுங்கள். தப்பான கடிகாரத்திடமே நாள் கணக்குக் கேட்கிறது. வீட்டில் வேறு ஒரு மெஷின் இருந்தால் அதில் அப்டைம் குமா (கண்காணிக்கும் மென்பொருள்) போட்டு, 20 நாளுக்குக் கீழே போனால் கத்தச் சொல்லுங்கள். இனி இது அடிக்கடி தேவைப்படும். சிஏ/பிரவுசர் ஃபோரம் முடிவின்படி 2029 மார்ச் 15இல் இருந்து எந்தப் பொது சர்டிஃபிகேட்டுக்கும் அதிகபட்ச ஆயுள் 47 நாள்தான்.


பழைய_சிக்னல்

கர்னல் சொல்வது சரி, அட்கார்டு டாக்கருக்குள் இருப்பதை நான் கணக்கில் வைக்கவில்லை. தம்பி, அவர் சொன்ன முதல் வழியை எடு, பைக்கு ரூட்டரையே டிஎன்எஸ்ஸாகக் கொடு. ஐபியாக எழுதி வைத்தால் அந்த ஐபி என்றைக்காவது மாறும், அன்றைக்கு நீ இந்த வரியை எங்கே எழுதினோம் என்று தேடிக்கொண்டு இருப்பாய்.


ஒற்றியூர்_பையன்

825 நாள் விஷயம் எனக்குத் தெரியாது சார். எங்க வீட்டுல எல்லாமே ஆண்ட்ராய்டு, அதான் மாட்டலை போல.


சம்ப்_மோட்டார்

ஃபயர்வாலை மீடியம் ஆக்கி முடிப்பதற்குள் ‘சிங்க்ரனைஸ்டு: எஸ்’ வந்துவிட்டது. கன்டெய்னரைத் தொடங்கியதும் டெலிகிராம் வந்தது. டெயில்ஸ்கேலும் நேர்வழி பிடித்துவிட்டது. செர்ட்பாட்டைக் கேட்டால் இப்போதுதான் ‘இன்வேலிட், எக்ஸ்பையர்டு’ என்று உண்மையைச் சொல்கிறது. சார் சொன்ன மாதிரி லெட்ஸ்என்க்ரிப்ட் லாகில் மார்ச் 13இல் இருந்து தினமும் ரெண்டு தடவை அதே டைம்அவுட்.

ஆக்மி.எஸ்ஹெச்சுக்கு மாறிவிட்டேன். ஸ்டேஜிங்கில் முதலில் தோற்றது, டிஎன்எஸ் பரவுவதற்குள் சரிபார்த்துவிட்டது. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டியதும் போனது. அம்மா ஃபோனில் ஆப் திறக்கிறது.

மிதவை சுவிட்சுக்கு வயரிங் அண்ணன் சனிக்கிழமை வருகிறேன் என்றார், அது வரை மோட்டார் கையால்தான். ரிலே டெர்மினலைத் திறந்து பார்த்தேன், சொன்னபடியே பச்சை.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. 3ஆம் தேதியில் இருந்து 5 வரை பொய்த் தேதியில் பதிவானது ஹிஸ்டரியில் கிடக்கிறதே, அதைக் கையால் அழிக்க வேண்டுமா?


பழைய_சிக்னல்

வேண்டாம். இன்று விடியற்காலை 4.12க்கே துடைத்திருக்கும், போய்ப் பார். எனர்ஜி டாஷ்போர்டின் நீண்ட காலக் கணக்கு மட்டும் பர்ஜில் (அந்த விடியற்காலைத் துடைப்பில்) போகாது. அங்கே ஆள் இல்லாத வீட்டில் மோட்டார் ஓடியதாக ஒரு மேடு தெரிந்தால், டெவலப்பர் டூல்ஸில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கத்தில் அந்த மணி நேரத்தைத் தேர்ந்து அளவைத் திருத்திக்கொள்ளலாம்.